துடைக்கும் கைக்குத் தெரிந்தவை

சென்ற வாரம் கூடத்தைக் கூட்டி முறத்தில் அள்ளும்போது தூசிக்கு நடுவே ஏதோ பளிச்சிட்டது. எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஒரு பக்கம் பால்வெள்ளை. விளக்குக்கு நேராகத் திருப்பினால் பச்சையும் இளஞ்சிவப்பும் ஓடுகிற முத்துச்சிப்பித் துண்டு. சுவரோரம் கிடக்கும் கறுப்பு மர நாற்காலியின் கைப்பிடியில் பதித்திருந்த பிளம் பூவின் ஓர் இதழ் அது. பினாங்கில் மழை ஓய்ந்து வெயில் ஏறும் நாட்களில் பழைய மரம் கொஞ்சம் சுருங்கும், பசை விட்டுப்போகும், இதழ் உதிரும். அலமாரியிலிருந்த டைகர் பாம் குப்பியை எடுத்துத் திறந்து, அதற்குள் போட்டு மூடினேன்.

அந்த ஆறுபட்டைக் குப்பி என் அம்மாவுடையது. தைலம் தீர்ந்து எத்தனையோ காலமாயிற்று. மூடியைத் திருகினால் இன்றும் கற்பூர வாடை இலேசாக வரும். அந்த வாடை பட்டதும் எனக்கு ஒரு வீடு கண்முன் வந்து நிற்கும். நாங்கள் குடியிருந்த வீடு இல்லை, அம்மா வேலை பார்த்த வீடு.

நாங்கள் இருந்தது ஜார்ஜ்டவுனில், குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கு அருகே, ஒரு கடைவீட்டின் மாடி அறையில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா விடிந்ததும் எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு, கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதை வழியாகவே கிளம்புவார். பிட் தெருவில் குவான் யின் கோயில் ஊதுபத்திப் புகைக்குள் நின்று ஒரு கும்பிடு. பிறகு ஸ்டுவர்ட் சந்து வழியாக முந்த்ரி தெருப் பக்கம். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

அது ஒரு பாபா குடும்பத்தின் வீடு. மலாக்கா நீரிணையோர ஊர்களில் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து தங்கிவிட்ட சீனக் குடும்பங்களில் ஆண்களைப் பாபா என்றும் பெண்களை நோன்யா என்றும், சமூகத்தையே பெரனாக்கான் என்றும் சொல்வார்கள். சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள்; புளியும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைப்பார்கள்; மூதாதையர் வழிபாட்டிலும் கல்யாண முறைகளிலும் மட்டும் சீனத்து வழக்கத்தை இம்மியும் விடமாட்டார்கள். அந்த வீட்டுக்குத் தலைவி ஒரு நோன்யா மூதாட்டி. அம்மாவை அவர் ‘தங்காச்சி’ என்று கூப்பிடுவார். நான் அவரைப் ‘பாட்டி’ என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. எங்களுக்குள் பேச்சு பாதி மலாய், பாதி ஹொக்கியன்.

தெருவிலிருந்து பார்த்தால் குறுகலான முகப்பு. உள்ளே போனால் வீடு நீண்டுகொண்டே போகும். வாசலில் இடுப்பளவு உயரத்தில் பூச்செதுக்கிப் பொன் பூசிய அரைக்கதவுகள். பெருங்கதவைத் திறந்துவைத்துவிட்டு இவற்றைச் சாத்திக்கொண்டால் காற்று வரும், தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது. முதல் கூடத்தில் வாசலைப் பார்த்தபடி சாமி மேசை. இரண்டு பக்கச் சுவரோரமும் ஒரு நாற்காலி, ஒரு தேநீர் மேசை, ஒரு நாற்காலி என்று வரிசை. எதிரெதிர் வரிசைகளில் ஒரு துளி வித்தியாசம் இருக்காது. எல்லாம் கறுப்பு மரம், நம் ஈட்டி மரத்தின் இனம். முதுகுப் பலகையில் வட்டமான சலவைக்கல். யுன்னான் மாநிலத்துத் தாலி ஊரிலிருந்து வந்த கல் என்பார் பாட்டி. கல்லில் இயற்கையாக ஓடும் சாம்பல் ரேகைகள் மலையாகவும் மேகமாகவும் தெரியும்படி பார்த்து அறுத்திருப்பார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒவ்வொரு மலை.

கூடத்தைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம். மழை பெய்தால் நேராக வீட்டுக்குள் விழும். ‘நம்ம ஊரு தொட்டிக்கட்டு வீடு மாதிரியேதான்’ என்று அம்மா சொல்வார். ஊரைக் கண்டவர் இல்லை அவர். அவருடைய அப்பா சொல்லக் கேட்டது.

சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரம்தான் அந்த வீட்டில் அம்மாவின் பெரிய வேலை. பன்னிரண்டாம் சந்திர மாதத்தின் இருபத்துநாலாம் நாள் அடுப்பங்கரைத் தெய்வத்தை இனிப்புக் கொடுத்து மேலுலகுக்கு அனுப்பிவைப்பார்கள். அதன் பிறகுதான் தூசி தட்டலாம். பெருநாளன்று துடைப்பத்தைத் தொடவே கூடாது. வந்த செல்வத்தைக் கூட்டித் தள்ளினதாகிவிடும். ஆகவே நடுவில் உள்ள சில நாட்களுக்குள் வீடு முழுவதும் துடைத்தாக வேண்டும். சாமி மேசையை நோன்யா பாட்டி தன் கையால் மட்டுமே துடைப்பார். நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் அம்மாவுக்கு.

அம்மாவின் கருவிகள் எளியவை. முடி மென்மையான சாயத் தூரிகை ஒன்று. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன சாரோங் துணி. சத்தே குத்தும் மூங்கில் குச்சி. அதன் நுனியில் அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டால் செதுக்கலின் எந்த இடுக்குக்குள்ளும் போகும். முதலில் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியை இறக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணி. தண்ணீர் கூடவே கூடாது. கடைசியில் தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கித் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து, மறுபடியும் துடைத்து எடுக்க வேண்டும். மெழுகு இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. எனக்குக் கிடைத்த வேலை, தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, உதிர்ந்து விழுகிற சிப்பித் துண்டுகளைப் பொறுக்கி டைகர் பாம் குப்பியில் போடுவது. வருடத்துக்கு ஒருமுறை தச்சர் வந்து அவற்றை அந்தந்த இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார்.

அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் நான் அந்தச் செதுக்கல்களைப் படித்தேன். வௌவால் எங்கே பார்த்தாலும் இருக்கும். நம் வீட்டுக்குள் வௌவால் வந்தால் ஆகாது என்பார்கள். அங்கே அது பாக்கியம். ஐந்து வௌவால்கள் சேர்ந்திருந்தால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கம், நல்ல சாவு என ஐந்து பாக்கியங்கள். பீச் பழம் ஆயுளுக்கு. விதை தெரியப் பிளந்த மாதுளை பிள்ளைப்பேற்றுக்கு. பியோனிப் பூ செல்வத்துக்கு. பிளம் கிளையில் உட்கார்ந்த மாக்பைப் பறவை வீட்டுக்குள் மகிழ்ச்சி வருகிறது என்று சொல்ல வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் நோன்யா பாட்டி விரல் வைத்துக் காட்டிச் சொல்லித் தந்தார். வீட்டில் இருப்பவர்களுக்கு என்னென்ன நல்லது வேண்டுமோ அதையெல்லாம் தச்சன் மரத்தில் எழுதி வைத்திருந்தான்.

அம்மா அதோடு நிற்கமாட்டார். தனக்குத் தெரிந்த கதைகளையும் அதில் ஏற்றிவிடுவார். தாமரையைக் கண்டால் அவருக்கு லட்சுமி. மீனோடு விளையாடும் குழந்தை கண்ணன். வாயில் உருண்டையைக் கவ்விய சிங்கத்தைக் காட்டி, ‘இது யாளி, கண்ணு. கோயில் தூண்ல நிக்குமே, அதோட அண்ணன் தம்பி’ என்றார். வெகுகாலம் கழித்து, பினாங்கு ஹொக்கியன்களின் முன்னோர் வந்த ஃபூஜியன் மாநிலத்தில், ச்சுவான்சௌ துறைமுகத்தில், 1281-இல் தமிழிலும் சீனத்திலும் பொறித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது என்று படித்தேன். அங்கே தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலின் சிற்பத் தூண்கள் இன்று ஒரு பௌத்த மடத்தின் மண்டபத்தைத் தாங்கி நிற்கின்றன. அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவின் யாளியை நினைத்துக்கொண்டேன். எழுத்தறியாத அவர் கையில் தூரிகையோடு சரியான திசையில்தான் நடந்திருக்கிறார்.

ஒருநாள் தேநீர் மேசை ஒன்றைச் சுவரிலிருந்து நகர்த்தித் துடைத்துக்கொண்டிருந்தார். திராட்சைக் கொடியும் அணில்களும் செதுக்கிய மேசை அது. கொத்துக் கொத்தான பழமும் துள்ளுகிற அணிலும் குலம் தழைக்கட்டும் என்ற வாழ்த்து. சுவர்ப் பக்கம் திரும்பி இருந்த சட்டத்திலும் ஓர் அணில் இருந்தது. வால் நுனி உடைந்திருந்தது. முன்பக்கத்து அணில்களைவிட அதன் கண்ணும் மீசையும் நுட்பம். ‘யாரும் பாக்காத பக்கத்துல எதுக்கு இவ்வளவு வேலை?’ என்று அம்மா கேட்டார். நோன்யா பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: ‘நீ பார்க்கிறாயே, தங்காச்சி.’

மாடியில் ஒரு கட்டில் இருந்தது. அதற்குள் தனி அறை ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றும். சிவப்பும் பொன்னுமாய், நான்கு பக்கமும் செதுக்குச் சட்டங்கள், மேலே விதானம், முன்னால் பூவேலை செய்த பட்டுத் தொங்கல்கள். நோன்யா பாட்டி கல்யாணமாகி வந்த கட்டில். கல்யாணத்துக்கு முன் ஓர் ஆண் குழந்தையை அதில் உருளவிடுவார்கள். பிள்ளை பிறக்க வேண்டும் என்பதற்காக. கல்யாணம் பன்னிரண்டு நாள் நடக்கும். அவர் தம் பிள்ளைகளை எல்லாம் அந்தக் கட்டிலில்தான் பெற்றார். சிங்கப்பூர் பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் பினாங்கிலிருந்து போன இப்படியொரு திருமணக் கட்டில் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது, ஒரு பெண்ணின் கல்யாணமும் பிரசவமும் காய்ச்சலும் முதுமையும் கழிந்த இடம் இது என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பள்ளிப் பெண்ணிடம் சொன்னேன். இப்போது கல்யாணம் ஒரு மாலைக்குள் மண்டபத்தில் முடிகிறது. பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. கட்டில் பெட்டியில் வந்து திருகாணியால் இணைகிறது. காலம் அப்படி. ஆனால் ஒரு மரச்சாமான் ஒரு மனுசியின் முழு ஆயுளையும் சுமந்த காலம் ஒன்று இருந்ததை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நோன்யா பாட்டி இறந்தபோது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அம்மாவோடு போனேன். சாமி மேசையின் முன்னே எப்போதும் தொங்கும் சிவப்புப் பூவேலைத் துணியை எடுத்துவிட்டு நீலமும் வெள்ளையுமான துணி கட்டியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நாற்காலிகளைத்தான் போட்டார்கள். சலவைக்கல்லில் முதுகு பட்டதும் ஜில்லென்றது. அதில் சாய்ந்து தூங்க முடியாது, காலை நீட்ட முடியாது. நிமிர்ந்துதான் உட்கார வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது அந்த வீட்டுக்குப் பொருத்தமாக இருந்தது.

பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தார்கள். வீடு சில காலம் பூட்டிக் கிடந்தது. அதற்குள் ஊரும் மாறத் தொடங்கிவிட்டது. போருக்கு முன் கட்டிய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. 1997-இல் அதை நீக்கிச் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது காப்பு முழுதாகப் போயிற்று. வாடகை பன்மடங்கு ஏற, தகரம் அடிப்பவர்கள், பிரம்பு முடைபவர்கள், சாமிப் பொம்மை செதுக்குபவர்கள் எல்லாரும் கிளம்பினார்கள். நாங்களும் குவீன் தெருவை விட்டு அடுக்குமாடிக்கு வந்தோம். தெருவெங்கும் லோரிகள் நின்றன. அடுக்குமாடி மின்தூக்கிக்குள் நுழையாத அலமாரிகளும் கட்டில்களும் ஐந்தடி நடைபாதையிலேயே விலைபேசப்பட்டன. சாமி மேசையை விற்பதற்கு முன் மட்டும் ஊதுபத்தி ஏற்றி, மூதாதையரிடம் சொல்லி, அவர்களை எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

2008-இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பிறகு எந்தச் சாமான்களை லோரியில் ஏற்றி அனுப்பினோமோ, அவற்றையே தங்கும் விடுதிக்காரர்களும் காப்பிக் கடைக்காரர்களும் தேடி வாங்கினார்கள். சர்ச் தெருவில் சீனர் தலைவரான கப்பித்தான் சுங் கெங் குவீ 1890-களில் கட்டிய மாளிகை இன்று பெரனாக்கான் அருங்காட்சியகமாக இருக்கிறது. தரையில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஓடுகள், தூண்களும் கிராதிகளும் கிளாஸ்கோவின் வார்ப்பிரும்பு, நடுவில் சீனத்து மரவேலை. மூன்றும் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. சீனச் சாமான் வைத்தால் வீடு முழுவதும் சீனமாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.

அம்மா அந்தத் தேநீர் மேசையை மறுபடி பார்த்தது ரோப் வாக் பக்கத்துப் பழஞ்சாமான் கடை ஒன்றில். மண்ணெண்ணெய் விளக்குகளும் துருப்பிடித்த தையல் இயந்திரங்களும் குவிந்த மூலையில், மேலே பானைகள் அடுக்கிக் கிடந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. இப்படி நூறு மேசைகள் ஊரில் உண்டு. அம்மா குனிந்து, கண்ணால்கூடப் பார்க்காமல், பின்பக்கச் சட்டத்தின் அடியில் விரலை ஓட்டினார். அணிலின் வால் உடைந்த இடத்தில் விரல் நின்றது. ‘இதுதான்’ என்றார்.

கடைக்காரத் தவுக்கே சொன்ன விலை எங்களுக்குப் பெரிது. அம்மா தவணையாகக் கட்டுகிறேன் என்றார். மாதம் தவறாமல் கட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா, ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று கேட்டார். ‘நான் துடைச்சு வளர்த்தது’ என்று சொல்லிவிட்டு அம்மா தூரிகையைத் தேடி எடுத்தார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

லோரியில் வந்த ஆட்டத்தில் மேசைக்கு ஒரு கால் ஆடியது. எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு சீனத் தச்சர் வந்தார். வயதானவர், சாமி மேசைகளைப் பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். மரக் கொட்டாப்புளியால் அங்கங்கே இலேசாகத் தட்டினார். மேசை தன்னைத்தானே கழற்றிக்கொண்டதைப்போல் பிரிந்து தரையில் பரந்தது. ஓர் ஆணி இல்லை. ஒரு மரத்தில் நாக்கு, இன்னொன்றில் அதற்கேற்ற துளை. மூலைகளில் இரண்டு சட்டங்களும் சாய்வெட்டாகக் கூடும் இடத்துக்குள் இன்னொரு மறைவான நாக்கு. மேற்பலகை எதிலும் ஒட்டாமல் சட்டத்தின் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். ‘மழைக்காலத்தில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். இறுக்கி ஒட்டினால் எங்கே போகும்? பிளந்துவிடும். நடமாட இடம் விட்டிருக்கிறான்’ என்றார்.

தேய்ந்த நாக்குக்கு ஒரு மெல்லிய சிம்பை வைத்து, வஜ்ஜிரப் பசையைச் சிறு சட்டியில் சூடாக்கித் தொட்டார். அப்பா நல்லெண்ணத்தோடு, கடையில் இப்போது வெள்ளைப் பசை கிடைக்கிறது, இரும்பு மாதிரி பிடிக்கும் என்றார். தச்சர் தலையசைத்தார். ‘வஜ்ஜிரம் சூடு காட்டினால் விடும். அடுத்த தச்சன் பிரிக்க வேண்டாமா?’ தனக்குப் பிறகு ஒருவன் வருவான், அவனுக்கு வழி வைக்க வேண்டும் என்று எண்ணுகிற வேலை எனக்கு அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது. அவர் வைத்திருந்த அளவு நாடாவில் சில இடங்கள் சிவப்பிலும் சில கறுப்பிலும் இருந்தன. சிவப்பில் முடியும் அளவு நல்லது, கறுப்பில் முடிவது ஆகாது. தச்சர்களின் ஆதிகுருவான லு பான் பெயரால் வழங்கும் அளவுகோல். மேசையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் வைத்துக் காட்டினார், மூன்றும் சிவப்பு. ‘நம்ம மனையடி சாஸ்திரம்’ என்று அப்பா மகிழ்ந்துபோய் அவருக்குத் தேநீர் வாங்கிவரப் போனார்.

அந்த மேசைதான் என் வீட்டு அலங்காரத்தின் தொடக்கம். வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஜெலுத்தோங்கில் எங்களுக்கென்று ஒரு வீடு வந்தபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சலவைக்கல் முதுகு வைத்த ஒரு ஜோடி நாற்காலிகள். பலகாரம் வைக்கும் நோன்யாச் சமையலறை அலமாரி ஒன்று. அதில் இப்போது என் புத்தகங்கள். அரைக்கதவின் ஒற்றைப் பலகை ஒன்று. பொன் பெரும்பாலும் போய், அடியிலிருந்த சிவப்பு அரக்கு தெரிகிறது. அதைப் புதிதாகப் பூசித் தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்றுவிட்டேன். கைப்பிடிக்கும் இடத்தில் மட்டும் பொன் தேய்ந்திருப்பது எத்தனையோ பேர் அந்த வீட்டுக்குள் வந்துபோனதன் கணக்கு.

இத்தனை காலத்தில் நான் கற்றுக்கொண்டதைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். செதுக்கிய சாமானைச் சுற்றிக் காலி இடம் விட வேண்டும். பின்னால் வெள்ளைச் சுவர் போதும். அதற்குப் படமோ தோரணமோ துணை வேண்டாம். விளக்கு நேரே அடிக்கக் கூடாது. பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுந்தால்தான் குழியும் மேடும் எழுந்து நிற்கும், இலைக்கு நரம்பு தெரியும். நோன்யா வீடுகளில் முற்றத்திலிருந்து வந்த வெளிச்சம் அப்படித்தான் விழுந்தது. வெயில் நேரே படும் ஜன்னலுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் எட்டவே வைக்க வேண்டும். ஈரக் காற்றிலேயே வாழ்ந்த மரம் திடீரென்று காய்ந்தால் வெடிக்கும். தரையைத் தண்ணீர்விட்டுத் துடைக்கும் வீடானால் கால்களுக்கு அடியில் சிறு கல்லோ கிண்ணமோ வைக்க வேண்டும். கரையானுக்கும் அது காவல். ஜோடியாகப் பிறந்ததை ஜோடியாகவே வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். என் நாற்காலிகளில்தான் வருகிறவர்கள் உட்காருகிறார்கள். அணில் மேசையில்தான் அவர்களுக்குக் காப்பி வைக்கிறேன். நவராத்திரிக்கு அதன்மேல் கலசம். சாமி மேசையாக இருந்ததை வாங்கி மதுக்குப்பி அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்க மனம் வலிக்கும். ஒரு சாமானுக்கு வேலை மாறலாம். என் சமையலறை அலமாரி புத்தக அலமாரி ஆகவில்லையா? ஆனால் எத்தனையோ தலைமுறை கைகூப்பிய பலகைக்கு நாமும் ஒரு பூவாவது வைக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு பெய்ஜிங் போயிருந்தேன். அங்கே செஞ்சந்தன மரவேலைக்கென்றே 1999-இல் திறந்த ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரண்மனைச் சிம்மாசனங்கள், திரைகள், கட்டில்களின் வார்ப்பில் செய்தவை. மரம் கருஞ்சிவப்பு, மெருகு ஏற ஏறக் கறுத்துப் பட்டுப்போல் ஆகிறது. சிங் வமிசத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சியென்லுங் பேரரசருக்கு இந்த மரத்தின்மேல் தீராத ஆசை. அதன் சிறந்த வகை நம் செம்மரம்தான் என்று அங்கே அறிந்தபோது சற்று நேரம் அசையாமல் நின்றேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலத்தைச் சுற்றிய காடுகளில் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது.

என் தாத்தா திருவண்ணாமலைக்கு அருகே செங்கம் பக்கத்துக்காரர். பஞ்சம் துரத்த, ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். அவர் விட்டுவந்த அந்த மலையோரத்து மக்களில் சிலர் இன்றும் கூலிக்குச் செம்மரம் வெட்டப் போகிறார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். அவர்கள் வெட்டிய மரத்தில் செய்த நாற்காலியில் அவர்களில் ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். 1995 முதல் செம்மரமும், 2017 தொடக்கத்திலிருந்து உலகின் ஈட்டி இனங்கள் அத்தனையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றன. அதனால்தான் சீன மரவேலைமேல் ஆசைப்படுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: புதிதாக வெட்டிச் செய்ததை வாங்காதீர்கள். பழையது ஏற்கெனவே நம்மிடையே இருக்கிறது. உடைந்திருந்தால் பழுது பாருங்கள். ஆணி இல்லாமல் செய்தவன் அதற்காகத்தான் அப்படிச் செய்தான்.

என் மகள் கோலாலம்பூரில் புது வீட்டுக்குப் போனபோது அணில் மேசை போல ஒன்று வேண்டும் என்றாள். கூடவே இரண்டு நாற்காலிகள், ஒரு திரை, ஒரு கட்டில் எல்லாம் வாங்கிப் போட்டுக் கூடத்தையே நோன்யா வீடாக்கிவிட ஆசை என்றாள். எத்தனையைத் துடைக்க உனக்கு நேரம் இருக்கும் என்று கேட்டேன். யோசித்தாள். வேலைக்காரப் பெண் துடைப்பாளே என்று சொல்லவந்து, தன் பாட்டியை நினைத்திருப்பாள் போலும், நிறுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள், ‘இப்போதைக்கு ஒன்று போதும்மா.’ அடுத்த விடுமுறைக்கு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சத்தே குச்சியில் துணி சுற்றுவதிலிருந்து மெழுகு எடுப்பதுவரை கற்றுக்கொண்டாள். வாங்கும்போதே நம் கை துடைக்கும் அளவுக்கு வாங்குவது என்பதுதான் எங்கள் குடும்பத்தில் இதற்கு உள்ள ஒரே சட்டம். அதற்கு மேற்பட்டது வீட்டில் இருந்தாலும் நமக்குத் தெரியாத சாமானாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியைப் பார்த்ததும் முதலில் கேட்பது, இன்றைக்கு என்ன விலை போகும் என்பது. நான் ஒரு துணியை எடுத்துக் கொடுத்து, கைப்பிடியை மட்டும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள் என்பேன். சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். பாதி துடைக்கும்போதே கேள்வி மாறிவிடும். இது என்ன பழம், இந்த வௌவால் ஏன் தலைகீழாக இருக்கிறது, இந்த இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வழவழப்பு, இதை யார் செய்திருப்பார்கள்? அந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. காப்பி போட்டுக் கொடுத்து, இருட்டும்வரை உட்காரவைத்துச் சொல்வேன்.